நெயில் பாலிஷ் பூசின நாலு போல்ட்

அத்தியாயம் 6

“கடைசியா இந்த வண்டியில கை வச்சவன் எவனோ, அவன்தான் என் வீட்டுக்காரரைக் கொன்னவன். அதை மட்டும் எழுத்துல குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டின் பூட்டைத் திறந்தாள் அந்தப் பெண். எட்டு மாசமாகத் திறக்காத பூட்டு. இரண்டு தடவை முரண்டு பிடித்துவிட்டு மூன்றாவது தடவை வழிக்கு வந்தது. உள்ளே தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

சர்வேயரம்மா வாசலிலேயே நின்றார். இருபத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கின வண்டிகளைப் பார்த்து, ‘இது தானா நொறுங்கிச்சா, யாராவது நொறுக்கினாங்களா’ என்று சொன்ன பெண்மணி. ரிட்டயர் ஆனபிறகும் அதே கேள்வியை விடவில்லை. ஊரில் ஏதாவது மர்மமாக உடைந்தால் இவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது.

அவருக்குப் பின்னால் குனிந்து நுழைந்தான் உதவியாளன் ஒட்டடை. ஆறடி இரண்டு அங்குல உயரத்துக்கும் இடுப்பே இல்லாத உடம்புக்கும் அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வாய் மட்டும் உடம்பில் சேராத தனிப் பிறவி.

“வெளில ஒரு மெக்கானிக் நிக்கறார். வரச் சொல்லட்டுமா?” என்றார் சர்வேயரம்மா.

“வரச் சொல்லுங்க,” என்று திரும்பிய பெண்ணின் முகம் அப்படியே இறுகிப் போனது.

வாசலில் நின்றவன் அவள் புருஷனின் கூடப்பிறந்த தம்பி.

“இவனா? மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்னுதானே சொன்னீங்க?”

“மெக்கானிக்கைத்தானேம்மா கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“கொன்னவனையே போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொல்றீங்களா?”

“இந்த வண்டியோட ஷாஃப்டைக் கழட்டத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லம்மா. அலைஞ்சு பாத்துட்டேன்.”

“அலைஞ்சது நான். பாத்தது மேடம்,” என்றான் ஒட்டடை.

யாரும் சிரிக்கவில்லை. தம்பிக்காரன் சாமான் பெட்டியோடு, தலையைக் குனிந்தபடி ஓரமாக உள்ளே வந்தான். அண்ணன் செத்த மறுநாளே பட்டறையைப் பூட்டிவிட்டு, பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலைக்குப் போனவன். எட்டு மாசமாக ஸ்பேனரைத் தொடவில்லை. தண்ணியிலேயே நின்று விரலெல்லாம் வெளுத்துக் கிடந்தன.

நடந்தது இதுதான். அண்ணன் ஒரு கணக்கு வாத்தியார். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து ஓட்டை உடைசலாக வாங்கி உயிர் கொடுத்த வண்டி இது. ஒரு சாயங்காலம் தம்பி கியர் பாக்ஸில் ஆயில் கசிவை அடைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் வண்டியை எடுத்தார். பாலத்து வளைவில் பின் சக்கரம் திடுமென்று இறுகிப் பூட்டிக்கொண்டது. அவ்வளவுதான், அவர் வீடு திரும்பவில்லை. போலீஸ் ‘அதிவேகம்’ என்று ஐந்து எழுத்து எழுதி ஃபைலை மூடிவிட்டது.

“அவராவது வேகமாப் போறதாவது! சைக்கிள்காரன் முந்திட்டுப் போனா வழிவிட்டு சிரிக்கிற மனுஷன்,” என்றாள் அவள்.

“அன்னிக்குக் காலைல கிளம்பறப்ப ஏதாவது சொன்னாராம்மா?”

“ஒண்ணும் சொல்லல.”

பதில் ரொம்ப சீக்கிரம் வந்துவிட்டதாக ஒட்டடைக்குப் பட்டது. சர்வேயரம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தார்.

தூசி பறந்தது. வண்டியின் வலது பக்கம் முழுக்கச் சிராய்ப்பு, ஹெட்லைட் இருந்த இடத்தில் வெறும் குழி. தம்பி ஒரு அடி பின்வாங்கி, கண்ணை மூடி, மறுபடி திறந்தான்.

“எங்க ரெண்டு பேருக்கும் புரியற மாதிரி சொல்லிக்கிட்டே கழட்டுப்பா,” என்றார் சர்வேயரம்மா. “எனக்குப் பாதி தெரியும். இவனுக்குப் பெட்ரோல் எங்க ஊத்தறதுன்னே தெரியாது.”

“ஊத்தற இடம் தெரியும் மேடம். ஊத்தக் காசுதான்…”

“வாயை மூடு.”

தம்பி முட்டி போட்டு உட்கார்ந்தான். “இதுக்கு செயின் கிடையாதும்மா. இன்ஜின்லேருந்து பின் சக்கரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு போகுது, அதுதான் டிரைவ் ஷாஃப்ட். பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கே, கவட்டை மாதிரி, இது ஸ்விங் ஆர்ம். இதோட வலது பக்கக் குழாய்க்குள்ளதான் அந்தத் தண்டு ஆயில்ல ஊறிக்கிட்டே சுத்தும். முன்பக்கம் நாலே நாலு போல்ட்டு. அதுதான் தண்டையும் கியர் பாக்ஸையும் சேத்துப் பிடிக்குது.”

“தண்டு உடைஞ்சிருந்தா வண்டி குத்தம். போல்ட்டு கழண்டிருந்தா கை குத்தம். சரியா?”

“சரிம்மா,” என்றான் அவன். தன் தலையில் தானே கல் வைத்துக்கொள்கிற குரல்.

வேலை ஆரம்பித்தது. பின் சக்கரம் கழன்றது. ஸ்விங் ஆர்ம் குழாயின் அடியிலிருந்த திருகைத் திறந்ததும் கரேலென்று கொஞ்சம் ஆயில் சொட்டியது. முதல் ஐந்து நிமிஷம் ஸ்பேனர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் கைக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது, ஆளைக் கேட்காமல் அதுபாட்டுக்குப் போனது.

ஒட்டடை சுவரை மேய்ந்தான். சாமான் பலகைக்கு மேலே ஒரு ஃபோட்டோ. இதே வண்டி பளபளவென்று நிற்க, இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும்.

“கண்ணாடிக்குள்ள பாத்து எடுத்த ஃபோட்டோவா? வாத்தியார் வாட்சை வலது கையில கட்டியிருக்கார்.”

“அவர் இடதுகைக்காரர்,” என்றாள் அவள் வெடுக்கென்று. அடுத்த வார்த்தையில் குரல் தழைந்தது. “போர்டுல எழுதினா சட்டைக் கை பூரா சாக்பீஸ் பொடி. துவைச்சுத் துவைச்சு எனக்குத்தான்… பேப்பர் திருத்தினாலும் பென்சில்லதான் திருத்துவார். சிவப்பு இங்க்கைப் பாத்தா பிள்ளைங்க மனசு ஒடிஞ்சிடுமாம்.”

தம்பியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

கியர் பாக்ஸுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே ஒரு ரப்பர் உறை. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தம்பி அதன் பட்டையைத் தளர்த்திப் பின்னால் தள்ளினான். சர்வேயரம்மா டார்ச் அடித்தார்.

நாலு போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. இரண்டும் வளைந்து தொங்கின. அவற்றின் தலைகளில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

“போதுமா?” என்றாள் அந்தப் பெண். “ரெண்டு போல்ட்டைக் காணோம். கை குத்தம்னு நீங்களே சொன்னீங்களே. அந்தச் சிவப்புக் கோடு யார் அடையாளம்னு அவனையே கேளுங்க.”

“என்னோடதுதான்,” என்றான் தம்பி. “முறுக்கி முடிச்சதும் போல்ட் தலையிலேருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போடுவேன். போல்ட் அசைஞ்சா கோடு விலகிடும், பாத்ததும் தெரிஞ்சிடும். அண்ணி கல்யாணமாகி வந்த புதுசுல குடுத்த பாட்டில். இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு.”

அண்ணி என்ற வார்த்தை கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“போல்ட் போயிடுச்சு, ஆனா மேக்கப் கலையல,” என்று முணுமுணுத்தான் ஒட்டடை.

சர்வேயரம்மா சட்டென்று அவனைப் பார்த்தார். “இப்ப என்னடா சொன்னே?”

“சும்மா உளறினேன் மேடம்.”

“உன் உளறல்ல வருஷத்துக்கு ஒண்ணு தேறும். இந்த வருஷத்துக்கு இதுதான்.” டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். “இந்த ரெண்டுலயும் கோடு இம்மிகூட விலகல. அப்ப போல்ட்டு சுத்திக் கழண்டு வரல. மரையோட பிடுங்கிக்கிட்டு வந்திருக்கு. ஏம்ப்பா, நீ போட்டது பழைய போல்ட்டா?”

“ஐயோ, இல்லம்மா. இந்த போல்ட்டு ஒரு தடவைக்கு மேல ஆகாது. ஆயில் கசிவுக்காகக் கழட்டினப்ப நாலும் புதுசுதான் போட்டேன். முன்னெல்லாம் நீள போல்ட்டு வரும், அதுக்கு அடியில வாஷர் வைக்கணும். இப்ப வர்றது குட்டை போல்ட்டு. வாஷரே கூடாது. வச்சா உள்ள ரெண்டு மரைதான் பிடிக்கும்.”

“பழசெல்லாம்?”

“ஒரு டப்பா மூடியில போட்டு, அதோ அந்த அலமாரியில வச்சேன். அப்புறம் தூக்கிப் போடலாம்னு. அதுக்குள்ள…”

ஒட்டடை எட்டி எடுத்தான். ஏணி இல்லாமல் உச்சி அலமாரியைத் தொடுகிற ஒரே துப்பறியும் உதவியாளன் அவன்தான். பவுடர் டப்பா மூடி ஒன்று, அதில் துருவேறின நாலு நீள போல்ட். சர்வேயரம்மா அதை வாங்கிப் பார்த்தார். விரலால் எண்ணி மேஜையில் வைத்தார்.

“தண்டு வெளில வரட்டும்,” என்றார்.

வளைந்த இரண்டு போல்ட்டையும் எடுத்தாயிற்று. ஸ்விங் ஆர்மை வண்டியோடு பிடித்திருந்த இரண்டு முளைகளும் முனகிக்கொண்டே வந்தன. கவட்டையை அப்படியே பின்னால் இழுத்து, இரண்டு பேராகத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். பின் முனையிலிருந்த நட்டைத் தளர்த்தி, இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டி, தம்பி மெதுவாக முறுக்கினான். டக்கென்று ஒரு சத்தம். பிடி விட்டது. முன்பக்கமாக அவன் இழுக்க இழுக்கத் தண்டு ஆயில் மினுங்க வெளியே வந்தது. ஒரு விரிசல் இல்லை, ஒரு வளைவு இல்லை.

“வண்டி மேல குத்தம் இல்ல,” என்றாள் அவள். ஜெயித்தவள் மாதிரி இல்லை, அழப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

தம்பி குழாயைச் சாய்த்தான். உள்ளேயிருந்து கறுப்பு மண்டியோடு காணாமல் போன இரண்டு போல்ட்டும் உருண்டு வந்து தட்டில் விழுந்தன. அதன் பின்னாலேயே, டிங், டிங் என்று இரண்டு சின்ன வளையங்கள்.

வாஷர்கள்.

தம்பி அதைப் பார்த்தான். கழற்றி வைத்திருந்த வளைந்த போல்ட் இரண்டையும் அவசர அவசரமாகத் துணியால் துடைத்தான். கிரீஸுக்கடியில் அதிலும் ஆளுக்கொரு வாஷர். அவன் கண் மேஜையிலிருந்த மூடிக்குப் போனது. நாலு பழைய போல்ட் இருந்தன, வாஷர் ஒன்றுகூட இல்லை. அப்புறம் சுவரிலிருந்த ஃபோட்டோவுக்குப் போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

ஒட்டடை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மனுஷனுக்குள் ஏதோ இடிந்து விழுவதை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததில்லை. வாயில் தயாராக வைத்திருந்த ஒரு ஜோக் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“நான்தான் போட்டேன்,” என்றான் தம்பி.

“என்ன?”

“வாஷர். நான்தான் போட்டேன். அவசரத்துல, பழைய பழக்கத்துல போட்டுட்டேன். என் தப்புதான். எழுதிக் குடுத்துடுங்கம்மா. அண்ணி கேட்டது அதுதானே. எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

“பாத்தீங்களா?” என்றாள் அவள். உதடு துடித்தது. “எட்டு மாசமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.”

சர்வேயரம்மா எதையும் எழுதவில்லை. “உன் பெட்டியில அந்த பாட்டில் இருக்குன்னியே. எடு. இந்தத் தகரத்துல ஒரு கோடு போடு.”

“எதுக்கும்மா? அதான் ஒத்துக்கிட்டேனே…”

“போடுப்பா.”

அவன் போட்டான். வலது கைக்காரன். கோடு இடது பக்கம் தடிப்பாக ஆரம்பித்து வலது பக்கம் மெலிந்து முடிந்தது. சர்வேயரம்மா கியர் பாக்ஸ் பக்கம் இரும்பில் மிச்சமிருந்த பழைய கோட்டைத் துணியால் துடைத்து, டார்ச்சைப் பிடித்தார்.

“இது வலது பக்கம் தடிச்சு இடது பக்கம் மெலியுது. உனக்கு எட்டு மாசம் முன்னாடி மட்டும் இடது கையா?”

அவன் பாட்டிலை இறுக மூடினான்.

“நிறமும் வேற,” என்றான் ஒட்டடை, தன்னையறியாமல். “இது ரத்தச் சிவப்பு. அது… ரோஸ் கலந்தது.”

அந்தப் பெண் முன்னால் வந்தாள். குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது.

“இது என்னோடது,” என்றாள் மெல்ல. “என் மேஜையில இருந்தது. அன்னிக்குக் காலைல மூடியைத் திறந்து போட்டுட்டு வந்துட்டார். காஞ்சு போச்சேன்னு… கத்தினேன். கட்டை விரல்லகூட ஒட்டியிருந்துச்சு. ‘வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு நெயில் பாலிஷ்’னு…”

பாதியில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சர்வேயரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து அவளை உட்கார வைத்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் சுற்றி வளைக்க மாட்டார். “விடிஞ்சதும் எழுந்து வந்திருக்கார். மூடியில நாலு வாஷர் கெடக்கறதைப் பாத்திருக்கார். தம்பி மறந்துட்டான்னு நினைச்சிருக்கார். கணக்கு வாத்தியார் இல்லையா, விட்டுப் போனதைப் போட்டுடுவோம்னு நாலையும் கழட்டி, வாஷர் வச்சு, முறுக்கிட்டார். உள்ள ரெண்டு மரைதான் பிடிச்சிருக்கு, அதான் பாலத்து வளைவுல பிடுங்கிக்கிட்டு வந்த போல்ட்டு தண்டுல சிக்கி சக்கரம் பூட்டிக்கிச்சு. தம்பியோட கோடு அழிஞ்சு போச்சு. வந்து பாத்தா அவன் மனசு ஒடிஞ்சிடுமேன்னு அதே மாதிரி ஒரு கோடு போட்டு வச்சுட்டார். பென்சில்ல திருத்தற மாதிரி.”

தகரக் கூரை வெயிலில் பொரிந்துகொண்டிருந்தது.

“அப்ப கடைசியா கை வச்சது…” என்று ஆரம்பித்த அவள் நிறுத்திவிட்டாள். காலையிலிருந்து தான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். “புது போல்ட்டு வந்திருக்குண்ணே, இதுக்கு வாஷர் இல்லன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அன்னிக்கு சாயங்காலம் அவர் டீ குடுத்துட்டு நின்னார். குடிச்சுட்டு ஊர்க்கதை எல்லாம் பேசினேன். அதை மட்டும் சொல்லல. நான்தான் கொன்னேன் அண்ணி. எந்தக் கை முறுக்கினா என்ன, நான்தான் கொன்னேன்.”

“அதனாலதான் நீ போட்டதா சொன்னியா?” என்றார் சர்வேயரம்மா.

“அவர் பண்ணினதுன்னு அண்ணிக்குத் தெரியவே வேண்டாம்னு நினைச்சேன். என் மேல கோபம் இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டாவது நடமாடுவாங்க. அவர் மேல கோபப்பட முடியுமா அவங்களால?”

ஒட்டடை வெளியே பார்த்தான். கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொள்ள ஷெட்டில் நிறையத் தூசி இருந்தது, நல்ல வேளை.

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

“ஒண்ணும் சொல்லலன்னு உங்ககிட்ட சொன்னேன் இல்லையா மேடம்,” என்றாள். பார்வை தம்பியின் மேல் இருந்தது. “சொன்னார். நான் கத்தினப்போ ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே சிரிச்சார். ‘சும்மா இருடி. தம்பி வேலையைப் போய்ப் பாரு, ஒரு குறை சொல்ல முடியாது. அவன் கை வச்ச வண்டியில ஏற எனக்குப் பயமே இல்ல’ன்னார். அதான் அவர் பேசின கடைசிப் பேச்சு.”

தம்பி நிமிர்ந்தான்.

“அந்தப் பேச்சுதான் எட்டு மாசமா என்னைத் தின்னுது. பயமே இல்லன்னு சொல்லிட்டுப் போனவரை இவன் கை கொன்னுடுச்சேன்னு. உனக்கு அந்தப் பேச்சு கிடைக்கவே கூடாதுன்னு பூட்டி வச்சிருந்தேன்.”

“வாஷர் போடலைன்னு நினைச்சுக்கிட்டா அப்படிச் சொன்னார்?” தம்பியின் குரல் உடைந்தது. “நான் தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சுக்கிட்டேவா?”

“ஆமா தம்பி. என்கிட்டகூட உன்னை விட்டுக் குடுக்கல.”

தம்பி என்று அவள் கூப்பிட்டதை அவன் கவனித்தானா தெரியவில்லை. தண்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஸ்டூலிலிருந்து இறங்கி, ஆயில் தரை என்றுகூடப் பாராமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் அவள். தட்டிலும் வளைந்த போல்ட்டிலுமாக இருந்த நாலு வாஷரையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

சர்வேயரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். ஒட்டடை பின்னாலேயே வந்து நோட்டைப் பிரித்தான். காலையிலேயே தலைப்பு எழுதி வைத்திருந்தான்: ‘வண்டியில் கடைசியாகக் கை வைத்தவர்’. எதிரே காலி இடம்.

“யார் பேரை எழுதறது மேடம்?”

சர்வேயரம்மா நோட்டை வாங்கினார். பேனாவைத் திறந்தார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, ஒட்டடையின் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ‘அண்ணன்’ என்று எழுதினார்.